புத்தகத்தை மூடிய பிறகு

(தவக்காலத் தொடக்கத்தில், கடற்கரைப் பங்கு ஒன்றின் நூலகத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தவக்காலம் என்றால் நமக்குச் சாம்பல் புதன், வெள்ளிதோறும் சிலுவைப்பாதை, கறி இல்லாத சாப்பாடு, தவக்கால உண்டியல். ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த புனித ஆசீர்வாதப்பர் இவற்றோடு புத்தகத்தையும் சேர்த்திருந்தார். தம் துறவிகளுக்கு அவர் எழுதிய ஒழுங்கின் 48ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். தவக்காலம் தொடங்கும்போது ஒவ்வொருவருக்கும் நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் கொடுக்க வேண்டும். அதை முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகப் படிக்க வேண்டும். அதோடு விடவில்லை. படிக்கும் நேரத்தில் மூத்த துறவிகள் ஓரிருவர் மடத்தைச் சுற்றி வர வேண்டுமாம். எவராவது படிக்காமல் ஊர்க்கதை பேசுகிறாரா, தானும் கெட்டுப் பக்கத்தில் இருப்பவரையும் கெடுக்கிறாரா என்று கவனிக்க வேண்டுமாம். ஒன்றிரண்டு தடவை சொல்லியும் திருந்தாவிட்டால் தண்டனை. ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, அதுவும் துறவிகளையே, புத்தகத்தின் முன்னால் உட்கார வைக்கக் காவல் போட வேண்டியிருந்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல் உண்டு.

நம் வீடுகளிலும் ஆன்மிக நூல்களுக்குப் பஞ்சம் இல்லை. பிள்ளையின் புதுநன்மைக்கு வந்தது, வெள்ளிவிழாவுக்கு வந்தது, வேளாங்கண்ணித் திருவிழாவில் வாங்கியது, தியானத்துக்குப் போன இடத்தில் கையில் திணித்தது என்று கண்ணாடி அலமாரியில் வரிசையாக நிற்கின்றன. சிலவற்றுக்குப் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிந்திருக்காது. ஆகவே, இன்னும் பத்து நூல்களின் பெயரைச் சொல்லி உங்கள் அலமாரியை நிரப்ப நான் வரவில்லை. படிக்கிற முறையைப் பற்றி ஒன்று சொல்ல வந்தேன். ஆன்மிக நூல் ஒன்று நம்மிடம் வேலை செய்கிறதா இல்லையா என்பது, அது கையில் விரிந்திருக்கும்போது தெரிவதில்லை. மூடி வைத்த பிறகே தெரிகிறது. இது என் கண்டுபிடிப்பு இல்லை. கால் முறிந்து படுத்திருந்த ஒரு படைவீரர் கண்டுபிடித்தது.

இஞ்ஞாசியாரின் கதை உங்களுக்குத் தெரியும். 1521 மே 20ஆம் தேதி, பம்பலோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டு அவர் கால் நொறுங்கியது. லொயோலாவில் இருந்த குடும்ப வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். எலும்பு சரியாகப் பொருந்தவில்லை என்று மறுபடி உடைத்துச் சேர்த்தார்கள். சேர்ந்த பிறகும் முழங்காலுக்குக் கீழே ஓர் எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. இறுக்கமான நல்ல காலணி போட முடியாதே என்ற ஒரே கவலையில் அதை அறுத்து எடுக்கச் சொன்னார் மனிதர். மயக்க மருந்து இல்லாத காலம் அது. அவ்வளவு அழகுப் பிரியர்! படுக்கையில் பொழுது போகவில்லை. வீரதீரக் காதல் கதைகள் இருந்தால் கொண்டு வாருங்கள் என்றார். அந்த வீட்டில் அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்தவை இரண்டு. ஒன்று, சாக்சனி நாட்டு லுடோல்ஃபு என்ற கர்த்தூசியன் துறவி எழுதிய கிறிஸ்துவின் வாழ்க்கை; மற்றொன்று, புனிதர்களின் சரித்திரம். இரண்டும் காஸ்தீலிய மொழிபெயர்ப்புகள்.

எல்லா மறையுரைகளிலும் அடுத்து வருவது, அவர் படித்தார், மனம் மாறினார் என்பது. இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். பிற்காலத்தில் தம் வாழ்க்கையை இன்னொருவர் எழுத அவர் சொன்னபோது, படித்த பக்கங்களைப் பற்றி அதிகம் பேசவில்லை. படித்துவிட்டுப் புத்தகத்தைக் கீழே வைத்த பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு என்ன நினைத்தார் என்பதைப் பற்றித்தான் பேசினார். சில நேரம் ஓர் உயர்குலப் பெண்மணியைப் பற்றிய நினைப்பு வரும். அவளுக்கு என்ன சேவை செய்யலாம், என்ன சொற்களில் பேசலாம் என்று மூன்று நான்கு மணி நேரம் அதிலேயே கிடப்பார். சில நேரம், பிரான்சிஸ் செய்ததை நான் செய்தால் என்ன, தோமினிக் செய்ததை நான் செய்தால் என்ன என்று தோன்றும். நினைக்கும்போது இரண்டும் ஒரே அளவுக்கு இனித்தன. வித்தியாசம் பின்னால் வந்தது. முதல் கனவு கலைந்ததும் மனம் வறண்டு கிடந்தது. இரண்டாவது கலைந்த பிறகும் உள்ளே ஒரு மகிழ்ச்சி தங்கியிருந்தது. பல நாள் இதைக் கவனிக்காமலே இருந்தவர், ஒரு நாள் கவனித்தார். ஆவிகளைத் தேர்ந்து தெளிதல் என்று இன்றைக்குத் தியானங்களில் கற்பிக்கிறார்களே, அந்தப் பெரிய கலை இந்தச் சின்னக் கவனிப்பில் தொடங்கியது.

அந்தப் படுக்கையில் அவர் செய்த இன்னொரு காரியமும் உண்டு. படித்தவற்றில் முக்கியமானவற்றை ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினார். கோடு போட்ட வழுவழுப்பான தாள். அவருக்குக் கையெழுத்தும் அழகு. கிறிஸ்து பேசியவை சிவப்பு மையில், மாதா பேசியவை நீல மையில். இப்படி ஏறக்குறைய முந்நூறு தாள்கள்! அதுவரை வீரதீரக் கதைகளையே படித்துக்கொண்டிருந்த ஒரு படைவீரர், பள்ளிப் பிள்ளையைப்போல இரண்டு நிற மை தொட்டு எழுதிக்கொண்டிருக்கிறார். எழுதுகிற வேகத்துக்குமேல் படிக்க முடியாதல்லவா? அந்த நிதானந்தான் அவருக்கு வேலை செய்தது என்று நான் நினைக்கிறேன். நம்மில் ஒருவர் நாளைக்கே மாற்கு நற்செய்தியை இப்படி எழுதத் தொடங்கினால், பாஸ்காவுக்குள் முடித்துவிடலாம்.

பின்னாளில் அவர் எழுதி 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதலோடு அச்சான ஆன்மிகப் பயிற்சிகள் என்ற நூலைப் பலர் வாங்கி, நாவல்போலப் படிக்கப் பார்த்து, ஏமாந்து வைத்துவிடுகிறார்கள். அது படிக்கிற புத்தகமே இல்லை. தியானம் கொடுப்பவர் கையில் இருக்க வேண்டிய குறிப்பேடு. ஆனால் அதில் ஓர் அறிவுரை எல்லா வாசகர்களுக்கும் பொருந்தும். தேடியது ஓரிடத்தில் கிடைத்தால், திருப்தி ஆகும்வரை அங்கேயே இருக்கலாம். அடுத்த குறிப்புக்குப் போகவில்லையே என்ற பதற்றம் வேண்டாம் என்கிறார். அவருக்கு மிகவும் பிடித்த நூல் கிறிஸ்துநாதர் அனுசாரம். ஆன்மிக நூல்களிலேயே அது கவுதாரி என்பாராம்! அந்தக் கால விருந்துகளில் கவுதாரி இறைச்சி உயர்ந்த பதார்த்தம். அப்படிப்பட்டதை அவர் எப்படிச் சாப்பிட்டார்? ஒரு நாளைக்கு வரிசையில் ஓர் அதிகாரம், அதோடு கைக்குத் தட்டுப்பட்ட இடத்தில் இன்னோர் அதிகாரம். அவ்வளவுதான்.

இந்தக் கதைக்கும் நம் கடற்கரைக்கும் உள்ள தொடர்பைச் சொல்லாமல் போனால் நம் ஊர்க்காரர்கள் என்னை விடமாட்டார்கள். இஞ்ஞாசியார் ரோமையில் உயிரோடு இருந்த காலத்திலேயே, அவர் நிறுவிய இயேசு சபையைச் சேர்ந்த அண்டிரிக் அடிகளார் முத்துக்குளித்துறைக்கு வந்துவிட்டார். 1548இல் வேம்பாரிலிருந்து இஞ்ஞாசியாருக்குக் கடிதமும் எழுதியிருக்கிறார். தமிழைக் கற்று, அதற்கு இலக்கணமும் எழுதி, 1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கத்தையும் 1579இல் கொச்சியில் கிரிசித்தியானி வணக்கத்தையும் அச்சேற்றினார். முதலாவது வெறும் பதினாறு பக்கம். இந்த அச்சு வேலைக்குப் பணம் கொடுத்தவர்கள் நம் கடற்கரை மக்கள். முத்துக் குளித்த காசு அது. பிறகு 1586இல் வந்தது ஃபுளோஸ் சாங்தோரும் என்ற பெரிய நூல், அறுநூறு பக்கங்களுக்குமேல். நாம் இன்று அடியார் வரலாறு என்று சொல்கிறோம்.

அது எந்த வகை நூல் என்று கவனித்தீர்களா? லொயோலா படுக்கையில் கிடைத்த இரண்டில் ஒன்று இதே வகைதான். இதே பெயரில் ஸ்பெயினிலும் போர்ச்சுக்கலிலும் பரவலாகப் புழங்கிய புனிதர் சரித்திரம். தம் சபைத் தந்தையை மாற்றிய வகை நூலை, அவர் இறந்து முப்பது ஆண்டில், தமிழ் பேசும் மீனவக் குடும்பங்களுக்கு அச்சில் கொடுத்திருக்கிறார் இவர். இந்தியாவின் வேறு மொழிகள் பலவும் அச்சையே காணாத காலத்தில் நமக்கு அறுநூறு பக்கப் பக்தி நூல் இருந்தது என்று பெருமை பேசுகிறோம். பேசலாம், தப்பில்லை. ஆனால் அதே நூல் நம்மிடமிருந்து அடியோடு மறைந்துபோய், 1954இல் தமிழறிஞர் தனிநாயக அடிகள் வத்திக்கான் நூலகத்தில் கண்டு சொன்ன பிறகே நமக்குத் தெரியவந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அச்சடிக்கப் பணம் கொடுத்த ஊர்களில் ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. கடற்காற்றும் செல்லும் செய்த வேலை பாதி. மீதி என்னவென்று நம் அலமாரிகளைக் கேட்டால் சொல்லும்.

சரி, இன்னும் பின்னால் போவோம். வனத்து அந்தோணியார் நமக்கு ஓரளவு தெரிந்தவர். பதுவை அந்தோணியாருக்குக் கூடுகிற கூட்டம் அவருக்குக் கூடாது, அவ்வளவுதான். எகிப்து நாட்டு வாலிபர். ஒரு நாள் கோவிலில் செல்வந்தனான இளைஞனைப் பற்றிய நற்செய்தி வாசிக்கப்பட, அது தனக்கே சொன்னதாக எடுத்துக்கொண்டு சொத்தைக் கொடுத்துவிட்டுத் தவத்துக்குப் போனவர். அவர் வரலாற்றை அத்தனாசியார் எழுதினார். அந்தப் புத்தகம் கிரேக்கத்திலிருந்து லத்தீனுக்கு வந்து, ஐரோப்பாவுக்குப் போய், திரியர் நகரத்து மதிலோரம் ஒரு குடிசையில் கிடந்தது. மாலை உலாவப் போன அரசு அதிகாரிகள் இருவர் அந்தக் குடிசைக்குள் நுழைந்தார்கள். ஒருவர் புத்தகத்தை எடுத்துப் படித்தார். படிக்கப் படிக்க, அரசனிடம் இவ்வளவு பாடுபட்டு என்னத்தைக் கண்டோம் என்ற கேள்வி வந்தது. இருவரும் வேலையை விட்டுவிட்டார்கள்.

இந்தச் செய்தியை மிலான் நகரில் அகுஸ்தினாரின் வீட்டுக்கு வந்து சொன்னவர் பொந்திசியானுஸ். ஆப்பிரிக்காக்காரர், அரண்மனை உத்தியோகஸ்தர், விசுவாசி. வந்த இடத்தில் சூதாட்டப் பலகையின்மேல் ஒரு புத்தகத்தைப் பார்த்தார். அகுஸ்தினார் சொற்கலைப் பேராசிரியர் ஆயிற்றே, தொழில் சம்பந்தமான நூலாக இருக்கும் என்று எடுத்துப் பார்த்தால், புனித பவுலின் திருமுகங்கள்! சந்தோஷம் தாங்காமல் பேச்சை அந்தோணியார் பக்கம் திருப்பினார். சூதாட்டப் பலகைமேல் பவுலின் திருமுகங்கள் கிடந்ததை அகுஸ்தினார் வேண்டுமென்றே மறக்காமல் எழுதிவைத்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. மேசையை முதலில் சுத்தம் செய்துவிட்டுத்தான் வேதத்தைத் திறக்க வேண்டும் என்று காத்திருப்பவர்கள் நம்மில் பலர்.

அன்றைக்கே நடந்தது அகுஸ்தினாரை மனம் திருப்பிய தோட்டத்துக் காட்சி. 386ஆம் ஆண்டு. அத்திமரத்தடியில் அழுகை, பக்கத்து வீட்டிலிருந்து எடுத்துப் படிக்கச் சொல்லும் குழந்தைக் குரல், ஓடிப்போய் எடுத்த புத்தகம், உரோமையர் திருமுகத்தில் கண் பட்ட பகுதி எல்லாம் நீங்கள் கேட்டிருப்பீர்கள். அதற்குப் பிறகு அவர் செய்ததை அவரே எழுதுகிறார். மேற்கொண்டு படிக்க விரும்பவில்லை. படிக்கத் தேவையும் இருக்கவில்லை. விரலையோ வேறு எதையோ அடையாளமாக வைத்துப் புத்தகத்தை மூடினார். முகம் அமைதியாகிவிட்டது. நண்பர் அலிப்பியுஸிடம் சொன்னார். அலிப்பியுஸ் அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லி, அடுத்த வரியை வாசித்து, அது தமக்கு என்று எடுத்துக்கொண்டார். பிறகு இருவரும் உள்ளே போய் அகுஸ்தினாரின் தாய் மோனிக்கம்மாளிடம் சொன்னார்கள். உலகத்தின் மிகப் பெரிய வாசகர்களில் ஒருவரின் வாழ்க்கையில் மிகப் பெரிய வாசிப்பு ஒரு பத்தியோடு முடிந்திருக்கிறது.

அகுஸ்தினார் இதையெல்லாம் எழுதிய ஒப்புதல் நூல் ஏறத்தாழ 1,150 ஆண்டுகள் கழித்து, 1554இல், ஸ்பானிய மொழிபெயர்ப்பில் அவிலா தெரேசாவின் கைக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்பது. மடத்தில் சேர்ந்து இருபது ஆண்டு ஆகப்போகிறது. பேச்சுக்கூடத்தில் வருவோர் போவோரோடு கலகலப்பாகப் பேசிக்கொண்டு, செபத்தில் மனம் நிற்காமல் அல்லாடிக்கொண்டிருந்த காலம். தோட்டத்துக் காட்சியைப் படித்தபோது அந்தக் குரல் தம்மையே கூப்பிட்டதுபோல இருந்தது என்கிறார்.

தெரேசாவை எனக்குப் பிடிக்கக் காரணம், அவர் புத்தகத்தைப் பற்றி ஒளிவுமறைவு இல்லாமல் பேசுவது. சிறுவயதில் அம்மாவோடு சேர்ந்து வீரதீரக் கதைகளைத் திருட்டுத்தனமாகப் படித்தவர். அப்பாவுக்கு அது பிடிக்காது. இளந்துறவியாக நோய்ப்பட்டு வைத்தியத்துக்குப் போகும் வழியில், சித்தப்பா ஒருவர் அவர் கையில் பிரான்சிஸ்கோ தே ஓசுனா எழுதிய மூன்றாம் ஆன்மிக அரிச்சுவடியைக் கொடுத்தார். மௌன செபத்தை அவர் கற்றது அதிலிருந்து. அதன்பிறகு பதினெட்டு ஆண்டுகள், நற்கருணை வாங்கிய வேளை தவிர, புத்தகம் இல்லாமல் செபத்துக்கு உட்காரத் துணியவில்லையாம். சில நாள் புத்தகத்தைத் திறந்தாலே மனம் ஒடுங்கிவிடும். சில நாள் கொஞ்சம் படிக்க வேண்டும். சில நாள் நிறைய. செபத்தில் மனம் சிதறுகிறது என்று ஒப்புரவு அருட்சாதனத்தில் சொல்லிச் சொல்லிச் சலித்தவர்கள் இங்கே இருந்தால், மறைவல்லுநர் பட்டம் பெற்ற முதல் பெண்களில் ஒருவர் பதினெட்டு ஆண்டு புத்தகத்தைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தார் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

1559இல் ஸ்பெயினின் விசாரணை மன்றத் தலைவர் பெர்னாண்டோ தே வால்தேஸ் தடை நூல் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். சாதாரண மக்கள் மொழியில் இருந்த செப நூல்கள் பல அதில் அடங்கின. லூயிஸ் தே கிரனாதாவின் நூல், அவிலா யோவானின் நூல், இயேசுசபைப் பிரான்சிஸ் போர்ஜியாவின் பெயரில் வந்த நூல் எல்லாம் போயின. கடைசி இருவரும் இன்று பீடத்தில் வணங்கப்படுகிற புனிதர்கள். அவிலா யோவான் 2012இல் மறைவல்லுநராகவும் ஆகிவிட்டார். திருச்சபை தன் கையாலேயே தடுத்ததைப் பின்னர் தன் கையாலேயே பீடமேற்றிய கதையை நாம் மறைக்க வேண்டியதில்லை. தெரேசா மனம் உடைந்துபோனார். லத்தீன் தெரியாத பெண்களுக்கு அந்த நூல்களை விட்டால் வேறு போக்கு இல்லை. அப்போது ஆண்டவர், உயிருள்ள புத்தகத்தைத் தாமே தருவதாக உள்ளத்தில் சொன்னார் என்று எழுதுகிறார். அந்த இழப்புக்குப் பிறகு வந்தவைதான் அவருடைய சொந்த நூல்கள் அனைத்தும். படிக்கப் புத்தகம் இல்லாமல் ஆக்கப்பட்ட பெண், எழுதத் தொடங்கினார்.

அவருடைய வாழ்க்கை வரலாறும் விசாரணை மன்றத்தின் கையில் போய்ச் சிக்கியது. அவர் இறந்த பிறகு, 1588இல், சலமாங்கா நகரில் லூயிஸ் தே லெயோன் அதைப் பதிப்பித்தார். அவரும் அதே மன்றத்தின் சிறையில் நான்கு ஆண்டுக்குமேல் கிடந்து மீண்டவர்! இவ்வளவு தடை தாண்டிய அந்த நூல், 1921 கோடையில் ஜெர்மனியின் பெர்க்சாபெர்ன் ஊரில் ஒரு நண்பர் வீட்டுப் புத்தக அலமாரியில் இருந்தது. விருந்தாளியாக வந்திருந்தவர் எடித் ஸ்டைன். யூதக் குடும்பத்தில் பிறந்தவர், தத்துவ அறிஞர் ஹூசெர்லின் மாணவி, இளம் வயதில் செபத்தை விட்டவர். அவர் பின்னாளில் சேர்ந்த கார்மேல் மடத்தின் தலைவி எழுதிய வரலாற்றின்படி, எடித் இரவெல்லாம் அதைப் படித்து முடித்தார். விடிந்ததும் கடைக்குப் போய் ஒரு மறைக்கல்வி நூலும் ஒரு திருப்பலி நூலும் வாங்கினார். தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்றவர், அடுத்து வாங்கியது சிறு பிள்ளைகளுக்கும் சொல்லித்தருகிற மறைக்கல்வி. 1922 சனவரி முதல் நாள் திருமுழுக்கு. 1933இல் கார்மேல் மடம். 1942 ஆகஸ்ட் 9 அன்று ஆஷ்விட்சில் நாசிகள் அவரைக் கொன்றார்கள்.

அந்தோணியாரின் காதில் விழுந்த நற்செய்தியிலிருந்து ஆஷ்விட்ஸ் வரை, கைமாறிக் கைமாறி வந்த இந்த நூல்களின் வரிசையில் யாரும் நிறையப் படித்ததால் மாறவில்லை. அகுஸ்தினாரும் எடித்தும் மலைபோலப் படித்தவர்கள். ஆனால் அவர்களைத் திருப்பியது ஒரு பத்தி, ஒரு நூல்.

இதைச் சொன்னதும், சரி, எல்லாரும் கிறிஸ்துநாதர் அனுசாரத்தைத் தினமும் படியுங்கள் என்று நான் முடிக்கலாம். முடிக்கமாட்டேன். தோமா கெம்பிஸ் எழுதிய அந்தச் சின்ன நூலை நான் மதிக்கிறேன். ஆனால் அது மடத்துக்குள் இருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதியது. மனிதர்களை விட்டு விலகி அறைக்குள் இரு என்று அது திரும்பத் திரும்பச் சொல்லும்போது, மூன்று பிள்ளைகளும் படுக்கையில் மாமியாரும் உள்ள ஒரு தாய் என்ன செய்வாள்? புத்தகத்தை மூடியதும் அவளுக்குக் குற்ற உணர்ச்சிதான் மிஞ்சும். அவளுக்கு நான் கொடுப்பது பிரான்சிஸ்கு சலேசியாரை. 1609இல் அச்சான அவருடைய பக்தி வாழ்வுக்கு முன்னுரை என்ற நூல், உறவினர் ஒருவரின் மனைவிக்கு எழுதித் தந்த அறிவுரைகளிலிருந்து வளர்ந்தது. ஆயர் ஒருவர் மடத்துத் துறவிபோலத் தனிமையில் ஒடுங்குவதும், குடும்பஸ்தர் ஒருவர் சம்பாதிக்கவே மாட்டேன் என்பதும், கைத்தொழிலாளி நாள் முழுக்கக் கோவிலில் கிடப்பதும் பக்தி ஆகாது, கேலிக்கூத்து என்று நேராகவே சொல்கிறார். அவரவர் வேலையையும் கடமையையும் கெடுக்கிற பக்தி பொய்ப் பக்தி என்பது அவர் கட்சி.

சமையலறையே கதி என்று இருப்பவர்களுக்கு இன்னொருவர் உண்டு. பாரீஸ் கார்மேல் மடத்துச் சமையல்காரச் சகோதரர் லாரன்ஸ். முன்னாள் படைவீரர், கால் ஊனம், சமையல் வேலை அவருக்குப் பிடிக்காத வேலை. 1691இல் அவர் இறந்த பிறகு அவருடைய உரையாடல்களையும் கடிதங்களையும் தொகுத்தார்கள். செப முறைகளைச் சொல்லும் நூல்கள் பல படித்துப் பார்த்துக் குழம்பி, அவற்றை வைத்துவிட்டுக் கடவுள் இங்கே இருக்கிறார் என்ற ஒரே நினைப்போடு பாத்திரம் கழுவியவர். புத்தகங்களை ஒதுக்கி வைத்தவர் ஒரு புத்தகமாகி, நூலகத்தில் நம் கைக்கு வருகிறார்.

புத்தகம் ஒன்றும் செய்யாத காலமும் வரும். அதையும் சொல்லிவிட வேண்டும். நாம் சிறுமலர் என்று கொண்டாடும் லிசியே தெரேசா, கிறிஸ்துநாதர் அனுசாரத்தை ஏறக்குறைய மனப்பாடமாக வைத்திருந்த பெண். பதினேழு பதினெட்டு வயதில் சிலுவை அருளப்பரின் நூல்களே உணவு. அதற்குப் பிறகு எவ்வளவு அழகான ஆன்மிக நூலைத் திறந்தாலும் தம் இதயம் மூடிக்கொண்டது, படித்தது விளங்கவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். அப்போதும் அவருக்குக் கைகொடுத்தது மறைநூலும், பழைய அந்த அனுசாரமும். 1897இல் இருபத்துநான்காம் வயதில் இறந்தார். மறு ஆண்டு அவருடைய ஓர் ஆன்மாவின் வரலாறு இரண்டாயிரம் பிரதிகள் அச்சானது. அக்கா போலின் நிறையத் திருத்தி வெளியிட்டது அது. அவர் கைப்பட எழுதியபடியே நமக்குக் கிடைத்தது 1956இல்தான். இன்று கடையில் வாங்கும்போது எதன் மொழிபெயர்ப்பு என்று முன்னுரையைப் பார்த்து வாங்குங்கள். பழையதில் தெரேசா கொஞ்சம் அதிகமாகவே சாந்தமாகத் தெரிவார்.

கடைசியாக, படிக்கத் தெரியாதவர்கள். மிலான் ஆயர் அம்புரோசியார் வாய் அசையாமல், சத்தம் வராமல் படித்ததை அகுஸ்தினார் வியந்து எழுதுகிறார். அந்தக் காலத்தில் பெரும்பாலும் வாசிப்பு என்றால் காதில் விழுவது. நம்மிடமும் அப்படித்தான். கோவாவில் பிறந்து 1705இல் இலங்கைக்கு வந்த ஜாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார் தமிழில் எழுதிய வியாகுலப் பிரசங்கம் ஒன்பது பிரசங்கங்களைக் கொண்டது. ஆண்டவருடைய பாடுகளைக் காட்சி காட்சியாக விரிப்பது. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் தவக்காலத்தில் அதை ஒருவர் உரக்க, அதற்கென்று உள்ள சோக இராகத்தில் வாசிக்க, ஊரே உட்கார்ந்து கேட்கும். எழுத்துக் கூட்டத் தெரியாத பாட்டிமார் பத்தி பத்தியாக அதை வாயால் சொல்வார்கள். முந்நூறு ஆண்டாகியும் ஒரு நூல் அலமாரிக்குப் போகாமல் தொண்டையிலேயே உயிரோடு இருக்கிறது என்றால், அண்டிரிக் அடிகளாரின் அடியார் வரலாற்றுக்குக் கிடைக்காத பாக்கியம் அது.

பங்குத்தந்தையிடம் பேசி அனுமதி வாங்கிவிட்டேன். வருகிற புதன் முதல் புனித வாரம் வரை, மாலை ஏழு மணிக்கு இதே கூடத்தில் வியாகுலப் பிரசங்கம் வாசிப்போம். வாசிக்கச் சங்கீதக் குரல் வேண்டியதில்லை. பிழையில்லாமல், அவசரப்படாமல் வாசித்தால் போதும். இளைஞர்களில் நான்கு பேர் பெயர் கொடுங்கள். மைக் வேண்டாம். வாசித்து முடிந்ததும் கேள்வி பதிலோ விளக்கவுரையோ நன்றியுரையோ கிடையாது. பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போகலாம். வீட்டுக்கு ஒரு புத்தகம் எடுத்துச் செல்ல விரும்புகிறவர்கள் இப்போதே பதிவேட்டில் எழுதி எடுத்துக்கொள்ளலாம். ஆளுக்கு ஒன்றுதான். பாஸ்கா முடிந்து திருப்பித் தரும்போது, படித்தீர்களா என்று சுற்றி வந்து விசாரிக்க இரண்டு பெரியவர்களை அன்பியத்திலிருந்து நியமித்திருக்கிறோம். அவர்கள் யார் என்று மட்டும் கேட்காதீர்கள்.